இருபதுகளில் நட்பு, போன், நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இப்போது 33 வயது. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு 22, 24 என்றுதான் இருக்கும். சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் இந்தப் பேச்சு தானாக வரும்: பழைய நண்பர்கள் மாறிவிட்டார்கள், குரூப்பில் யாருமே பேசுவதில்லை, போனைத் திறந்தால் எல்லாரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையும், அந்த வயதில் நான் யாரிடமும் கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தினமும் கூடவே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? என் மேல்தான் தப்பா?

பெரும்பாலும் யார் மேலும் தப்பு இல்லை. படிக்கிற காலத்தில் நட்புக்கென்று தனியாக என்ன செய்தீர்கள், யோசித்துப் பாருங்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், ஒரே நேரத்தில் மணி அடிக்கும், ஒரே வழியில் திரும்பிப் போவீர்கள். கூப்பிட வேண்டியதில்லை, நேரம் குறிக்க வேண்டியதில்லை, முந்தின நாள் கோபம்கூட மறுநாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பாதி கரைந்துவிடும். அந்த இடம்தான் உங்களுக்காக முக்கால்வாசி வேலையைச் செய்துகொண்டிருந்தது. இடம் போனதும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது சமாதானத்துக்குச் சொல்வதில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்கள் இருவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாரோடு நண்பர்களாகிறார்கள் என்று ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். பக்கத்துக் கதவுக்காரர்கள் நண்பர்களாவதுதான் மிக அதிகமாக நடந்தது. நாலு கதவு தள்ளியிருந்தால் அதுவே வெகுவாகக் குறைந்துபோனது. கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் மேலே போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம், ஐரோப்பாவில் ஒரு நாட்டில் லட்சக்கணக்கான பேரின் போன் அழைப்புகளை வைத்து 2016இல் வந்த ஒரு ஆய்வில், நாம் அழைத்துப் பேசுகிற ஆட்களின் எண்ணிக்கை 25 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய் அதற்குப் பிறகு குறையத் தொடங்குகிறது என்று தெரிந்தது. அதாவது உங்களுக்கு நடப்பது எல்லாருக்கும் நடக்கிறது. உங்களைவிட்டுப் போனதாக நீங்கள் நினைக்கிற அந்த நண்பரும் இப்போது எங்கோ உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

அப்படியென்றால் எத்தனை நண்பர்கள் இருந்தால் போதும்?

ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1990களின் தொடக்கத்தில் 150 என்று ஒரு எண்ணைச் சொன்னார். ஒரு மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகளின் எண்ணிக்கை அது, சொந்தக்காரர்களையும் சேர்த்து. 150 என்பது சரியா என்று ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை சண்டை இருக்கிறது. எனக்கு அதைவிடப் பயன்பட்டது அதற்குள் அவர் பார்த்த அடுக்குகள்: உள்ளே சுமார் 5 பேர், அதைச் சுற்றி 15, அதைச் சுற்றி 50, அப்புறம் 150. விடிகாலை மூன்று மணிக்கு அழுதுகொண்டே கூப்பிடக்கூடியவர்கள் அந்த முதல் ஐந்துக்குள் வருவார்கள். ஐந்து என்பதுகூடச் சராசரிதான். இரண்டு பேர் இருந்தாலே உங்கள் நிலைமை நன்றாக இருக்கிறது.

போனில் 900 பேர் இருப்பதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எப்போதும் நான்தான் முதலில் மெசேஜ் போடுகிறேன். நிறுத்திப் பார்க்கட்டுமா, யார் தேடி வருகிறார்கள் என்று?

வேண்டாம். இந்தச் சோதனையை நான் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

எனக்கு அப்போது 26 வயது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த ஒரு தோழி. இனி நானாகப் பேசப் போவதில்லை, அவள் எப்போது கூப்பிடுகிறாள் பார்க்கலாம் என்று ஒருநாள் முடிவு செய்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அவள் பெயர் சாட் பட்டியலில் கீழே கீழே இறங்கி, விரலால் தள்ளித் தேடினால்தான் தெரியும் என்கிற இடத்துக்குப் போய்விட்டது. ஏழு மாதம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், அதாவது நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று. பிறகு வேறொருவர் மூலம் தெரிந்தது: அந்த ஏழு மாதமும் அவளுடைய அப்பா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்திருக்கிறார், இவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், வாழ்க்கையிலேயே மோசமான காலத்தில் நான் காணாமல் போயிருக்கிறேன்.

சோதனையில் இருக்கிற கோளாறே இதுதான், சோதிக்கப்படுகிறவருக்குத் தேர்வு நடப்பதே தெரியாது. சிலர் தொடங்குகிறவர்கள், சிலர் தொடங்கி வைத்தால் தொடர்கிறவர்கள், அது சுபாவம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: பேசத் தொடங்கிய பிறகு அவர் எப்படி இருக்கிறார்? சந்தோஷப்படுகிறாரா, போன தடவை நீங்கள் சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்கிறாரா, நேரில் பார்க்கலாம் என்றால் வருகிறாரா? வருகிறார் என்றால் முதல் மெசேஜ் யார் போட்டது என்கிற கணக்கை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒற்றை வார்த்தை, ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் வர முடியாது என்கிற செய்தி, தனக்கு ஏதாவது தேவை என்றால் மட்டும் பெரிய குரல் என்றால், அப்போது நேராகச் சொல்லிப் பார்க்கலாம்: "நான் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, உனக்கும் அப்படித் தோன்றுகிறதா?" என்று. இதைக் கேட்பதற்குத் தைரியம் வேண்டும்தான், ஆனால் ஏழு மாத மௌனத்தைவிட இது எவ்வளவோ சுலபம்.

இன்னொன்று. 2022இல் பெகி லியு என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட தொடர் ஆய்வுகளில், சும்மா நினைப்பு வந்து அனுப்புகிற ஒரு செய்தியை எதிராளி எவ்வளவு மதிக்கிறார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே எடைபோடுகிறார்கள் என்று வந்தது. எதிர்பாராமல் வந்த செய்தி என்றால் மதிப்பு இன்னும் கூடுதல். ரொம்ப நாள் ஆகிவிட்டதே, இப்போது போய்ப் பேசினால் என்ன நினைப்பார் என்று தயங்குகிறீர்கள் இல்லையா, அந்த இடைவெளியே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. என்ன அர்த்தம்?

பார்த்தார் என்று அர்த்தம். வாட்ஸ்ஆப்பில் இந்த நீல டிக் வந்ததே 2014 நவம்பரில்தான், அதற்கு முன்னால் வாட்ஸ்ஆப்பில் இப்படி ஒரு வருத்தமே இல்லை. அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். நான் அணைத்துப் பல வருடம் ஆகிறது, குழுக்களில் மட்டும் அது பிடிக்காது, மற்றபடி நிம்மதி.

அவசரமான விஷயம் என்றால் போன் செய்யுங்கள்.

நெருங்கிய நண்பருக்குக் காதலோ கல்யாணமோ வந்துவிட்டது. நான் இரண்டாம்பட்சமாகிவிட்டேன்.

ஆமாம், ஆகிவிட்டீர்கள், கொஞ்ச காலத்துக்கு. அதை மறுத்துச் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. டன்பாரும் இதை ஆராய்ந்திருக்கிறார். காதலில் விழுந்தவர்களின் அந்த உள்வட்டத்தில் புதிதாக ஒருவர் வரும்போது, பழையவர்களில் சராசரியாக இரண்டு பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள். காரணம் நேரம்தான். ஒரு நாளில் இருக்கிற மணிநேரம் கூடுவதில்லை.

இங்கே நிறைய நட்புகள் முறிவது விலகலால் இல்லை, அந்த விலகலுக்கு நாம் கொடுக்கிற தண்டனையால். "இப்போதுதான் எங்கள் ஞாபகம் வந்ததா?" என்று ஒவ்வொரு முறையும் குத்திக் காட்டினால், அடுத்த முறை கூப்பிடவே அவருக்குப் பயமாக இருக்கும். வழக்கமாகச் சந்தித்த நேரத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வாரக் கடைசி ராத்திரி முழுக்க என்பது இனி நடக்காது, ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அரை மணி நேரம் சேர்ந்து நடப்பது நடக்கலாம். வந்திருக்கிற அந்தப் புது ஆளையும் பெயர் சொல்லி விசாரியுங்கள். அவரைப் போட்டியாகப் பார்த்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டோம். பேசிப் பேசியே நட்பைக் காப்பாற்ற முடியுமா?

ஆளைப் பொறுத்தது. பள்ளி முடித்து வெளியே போன ஒரு சிறு கூட்டத்தை 18 மாதம் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், பெண்களின் நட்புகள் பேச்சால் தாக்குப்பிடித்தன, ஆண்களின் நட்புகளுக்குச் சேர்ந்து ஏதாவது செய்வதுதான் உதவியது. எல்லாரும் இந்தக் கட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "போனில் பேச ஒன்றுமே வரவில்லை, நட்பு முடிந்துவிட்டது போல" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இது ஒரு நல்ல துப்பு. பேச்சு வராவிட்டால் செயலுக்கு மாறுங்கள். ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஒரு விளையாட்டு, ஒரே மொழியை இரண்டு பேரும் கற்றுக்கொள்வது, வீடியோ காலைப் போட்டு வைத்துவிட்டு அவரவர் துணியை மடிப்பது. கடைசியில் சொன்னது எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் நாலு வருடமாக நடக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவோம், மீதி நேரம் அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் என் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் இல்லாமல் அவர்கள் எல்லாரும் சந்தித்திருக்கிறார்கள். ஸ்டோரியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இது வலிக்கும். சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படம், ஒரு மேசை, அதன் நடுவே ஆறு கைகள். ஒருத்தர் முகமும் இல்லை. ஒவ்வொரு கையும் யாருடையது என்று நான் கண்டுபிடித்தேன், ஒன்றை மோதிரத்தால், ஒன்றை நகப் பூச்சால், ஒன்றை வார் அறுந்து நூல் கட்டியிருந்த பழைய கைக்கடிகாரத்தால். படம் நகர்ந்துவிடாமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, நான் பார்த்தது அவர்கள் பட்டியலில் தெரியும் என்று.

முன்பெல்லாம் இப்படிக் கூடல்கள் நடந்தால் நமக்குத் தெரியவே தெரியாது, அல்லது பல நாள் கழித்துப் பேச்சுவாக்கில் தெரியும். 2016இல் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி வந்த பிறகு, நாம் இல்லாத ஒவ்வொரு இடத்தையும் சுடச்சுடப் பார்க்கிறோம். விடுபட்டுப் போவது புதிதில்லை, அதை நேரலையில் பார்ப்பதுதான் புதிது.

என்ன செய்யலாம்? அன்று ராத்திரி எதுவும் எழுதாதீர்கள். குரூப்பில் எழுதவே எழுதாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். அந்தக் கூட்டத்தில் யாரோடு உங்களுக்கு அதிக நெருக்கமோ அவரிடம் தனியாகக் கேளுங்கள், குற்றம் சாட்டாமல்: "அன்று நீங்கள் எல்லாரும் சந்தித்ததைப் பார்த்தேன், நானும் இருந்திருக்கலாமே என்று இருந்தது. அடுத்த முறை என்னையும் கூப்பிடு." பத்தில் பல தடவை காரணம் சாதாரணமாக இருக்கும், யாரோ இருவர் தற்செயலாகச் சந்தித்து அப்படியே மற்றவர்களும் சேர்ந்திருப்பார்கள். எனக்கு நடந்ததில் அப்படி இல்லை, உண்மையாகவே என்னை விட்டுவிட்டுத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். கேட்டதால் அது தெரிந்தது. தெரிந்த பிறகு ஊகித்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கவில்லை, மெல்ல வேறு ஆட்களிடம் போனேன்.

என் வயதுக்காரர்கள் எல்லாரும் முன்னேறிவிட்டார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

இதில் இரண்டு மூன்று விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன, ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

முதலில் ஒப்பிடுவது. மேலே சொன்ன அதே ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார்: நாம் எப்படி இருக்கிறோம் என்று அளக்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது நம்மைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம். உங்களைவிட முப்பது வயது மூத்தவர் வீடு கட்டினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் கட்டினால் தூக்கம் போகும். அது பொறாமைக்காரரின் குணம் இல்லை, மனசு வேலை செய்கிற விதம்.

அடுத்தது, யாரைப் பார்க்கிறோம் என்பது. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991இல் ஒரு கணக்கைக் காட்டினார்: பெரும்பாலானவர்களுக்கு, அவர்களைவிட அவர்களுடைய நண்பர்களுக்குத்தான் சராசரியாக நண்பர்கள் அதிகம். விந்தையாக இருக்கிறதா? நிறையப் பேரோடு பழகுகிறவர் நிறையப் பேருடைய பட்டியலில் இருப்பார், யாரோடும் பழகாதவர் யார் பட்டியலிலும் இருக்கமாட்டார், அவ்வளவுதான் ரகசியம். உங்கள் ஃபீடும் இப்படித்தான். நிறைய சுற்றுகிறவர், நிறைய பதிவிடுகிறவர் அதை நிரப்புகிறார். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாலு பேர் அங்கே எதுவுமே போடவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் உங்கள் வயதுக்காரர்களின் உண்மையான சராசரி தெரியும்.

மூன்றாவது, இந்த வயது. ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000இல் வெளியிட்ட கட்டுரையில், 18 முதல் 25 வரையான காலத்தை விடலைப் பருவத்திலும் சேர்க்காமல் முழுப் பெரியவர்களிலும் சேர்க்காமல் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்றார். நீ பெரிய ஆளாகிவிட்டாயா என்று கேட்டால், இந்த வயதில் நிறையப் பேர் சொல்கிற பதில் "சில விஷயத்தில் ஆமாம், சிலதில் இல்லை" என்பது. வேலை மாறும், இருக்கிற இடம் மாறும், யாரோடு வாழப் போகிறோம் என்பது மாறும். நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும்போது எனக்கு உதவியது பழைய செய்திகள்தான். மூன்று வருடத்துக்கு முன் நான் நண்பருக்கு அனுப்பிய புலம்பல்களைத் திரும்பப் படித்தேன். அன்று தலைபோகிற பிரச்சினையாக இருந்த இரண்டு விஷயங்கள் எப்போது தீர்ந்தன என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

நண்பர்கள் நிறையச் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் போகிற இடங்களுக்கு என்னால் செலவு செய்ய முடியவில்லை.

முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். "இந்த மாதம் கையில் இல்லை, செலவில்லாமல் எங்காவது உட்கார்ந்து பேசலாமா?" என்று கேட்டால் போதும். காரணம் சொல்லாமல் நாலு முறை மறுத்தால், உங்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், ஐந்தாவது முறை கூப்பிடமாட்டார்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள், அதிலும் அந்த நண்பர்களிடமே வாங்கிப் போகாதீர்கள். நீங்கள்தான் அதிகம் சம்பாதிக்கிறவர் என்றால், கூட இருக்கிற ஒருவர் அடிக்கடி கடைசி நேரத்தில் நழுவுகிறாரா என்று பாருங்கள், அடுத்த சந்திப்புக்குச் செலவில்லாத இடமாக நீங்களே சொல்லுங்கள்.

இந்த வயதில் புது நண்பர்கள் எங்கே கிடைப்பார்கள்?

நீங்கள் திரும்பத் திரும்பப் போகிற இடத்தில். ஒருநாள் மட்டும் நடக்கிற நிகழ்ச்சிகளில் பெயர் பரிமாறிக்கொள்வீர்கள், நட்பு வராது. 1992இல் ஒரு ஆய்வு நடந்தது. நாலு பெண்களை ஒரு பெரிய வகுப்பில் மாணவிகள் போலவே உட்கார வைத்தார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் போகவே இல்லை. யாரும் யாரோடும் பேசக்கூடாது. கடைசியில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, எவர் அதிகம் வந்து உட்கார்ந்தாரோ அவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. சும்மா கண்ணில் பட்டதற்கே இவ்வளவு பலன்.

அதற்குப் பிறகு நேரம். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் கணக்கிட்டுச் சொன்னது: தெரிந்தவர் என்கிற நிலையிலிருந்து ஓரளவு நண்பராக சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். வேலையிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறுவதில்லை. வேலைக்கு வெளியே சேர்ந்து பொழுதுபோக்கிய நேரம்தான் ஏறுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 90ஐத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மூன்றாவது சந்திப்பிலேயே "இவரோடு ஒன்றும் ஒட்டவில்லை" என்று முடிவு கட்டுகிறீர்களே, நீங்கள் அப்போதுதான் ஆறாவது மணி நேரத்தில் இருக்கிறீர்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகச் சந்தித்த இருவரைப் பேச வைத்துவிட்டு, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று தனித்தனியே கேட்டார்கள், 2018இல் வந்த ஆய்வு இது. இருவருமே எதிராளிக்குத் தன்னைப் பிடித்ததைக் குறைத்தே நினைத்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் "ஏன்தான் அப்படி உளறினேனோ" என்று நீங்கள் குமைகிற நேரத்தில், அவரும் தன் உளறலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு போகிறார், உங்களுடையதை இல்லை.

ஆன்லைனில் மட்டுமே தெரிந்தவரை நண்பர் என்று சொல்லலாமா?

சொல்லலாம், சந்தேகமே இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவருக்காக ஒருவர் நேரம் ஒதுக்கினால் அது நட்புதான். தெரிந்தவர்களிடம் வாய் திறக்க முடியாத விஷயத்தை, அதே கஷ்டத்தில் இருக்கிற முகம் தெரியாத ஒருவரிடம் பேசி மீண்டவர்களை எனக்குத் தெரியும். பணம் கேட்டாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, அந்தரங்கப் படம் கேட்டாலோ, மாதக்கணக்கில் வீடியோ காலுக்கு மட்டும் சாக்குச் சொன்னாலோ பேச்சை நிறுத்திவிடுங்கள், அதற்கு மரியாதை பார்க்க வேண்டாம். முதல் முறை நேரில் பார்ப்பது பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வேறொருவருக்குச் சொல்லிவிட்டு.

நீங்கள் தினமும் பார்க்கிற வீடியோக்காரர் மட்டும் வேறு கணக்கு. அவர் குரல் கேட்டால் ஆறுதலாக இருக்கும், அது பொய்யில்லை. 1956லேயே ஹார்ட்டன், வோல் என்ற இருவர் தொலைக்காட்சியில் தோன்றுகிறவர்களோடு ரசிகர்களுக்கு வருகிற இந்த ஒருவழி நெருக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு உங்களைத் தெரியாது. தனியாக இருக்கிற ராத்திரிகளை முழுக்க அவரை வைத்தே நிரப்பினால், மேலே சொன்ன அந்த 50 மணி நேரம் யாரோடும் தொடங்காது.

போனைக் கீழே வைக்கவே முடியவில்லை.

மன உறுதி போதவில்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகிற பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். அதற்காக வருந்துவதாகப் பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பக்கம் முடிந்து அடுத்ததை அழுத்த வேண்டியிருந்த காலத்தில், போதும் என்று எழுந்திருக்க ஒரு இடம் இருந்தது. இப்போது அந்த இடம் எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். எனக்குப் பலித்தவை இவ்வளவுதான்: மனிதர்கள் அனுப்பும் செய்திக்கு மட்டும் அறிவிப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் நிறுத்தம். சார்ஜர் படுக்கைக்கு எட்டாத தூரத்தில். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம். ஒரு மாதம் அக்கவுண்டை அழிப்பது என்கிற பெரிய விரதங்கள் எனக்கு நிலைக்கவில்லை, இரண்டு தடவையும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தேன்.

அன்ஃபாலோ, மியூட், பிளாக். எப்போது எது?

பார்த்தால் உங்களுக்கு உறுத்துகிறது, ஆனால் அவர் தப்பேதும் செய்யவில்லை என்றால் மியூட். அவருக்குத் தெரியாது, உறவும் கெடாது. உறவே இல்லை, பழக்கத்தில் தொடர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் அன்ஃபாலோ. மிரட்டல், அசிங்கமான பேச்சு, வேண்டாம் என்ற பிறகும் விடாமல் தொடர்வது என்றால் பிளாக், அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் கையில் இருக்கும்.

பெரிதாகச் சண்டை இல்லை. ஆனால் அவரோடு பேசிவிட்டு வந்தாலே மனசு சோர்ந்துவிடுகிறது. விலகலாமா?

விலகலாம். பழைய நட்பு என்பதற்காக மட்டும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், அவர் கஷ்டத்தில் இருப்பதால் உங்களுக்குச் சோர்வா, அல்லது உங்களைச் சின்னதாக்கிப் பேசுவதால் சோர்வா. முதலாவது என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் என்று அளவு வைத்துக்கொள்ளலாம், நிபுணரிடம் பேசச் சொல்லி உதவலாம். இரண்டாவது என்றால், உங்கள் நல்ல செய்தியை அவரிடம் சொல்லத் தோன்றுகிறதா என்று பாருங்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தத் தள்ளிப்போடலில்தான் எனக்கே புரிந்தது.

அறிவிப்பு, விளக்கக் கடிதம் எல்லாம் வேண்டாம். இடைவெளியை மெல்லக் கூட்டினால் போதும். அவர் நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

சுற்றி ஆட்கள் இருந்தும் தனியாக உணர்கிறேன். இது சாதாரணம்தானா?

அடிக்கடி நடப்பதுதான். உலக சுகாதார அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறில் ஒருவருக்குத் தனிமையுணர்வு இருக்கிறது என்றும், 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையைச் சொல்கிறார்கள் என்றும் இருக்கிறது. ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973லேயே இதை இரண்டாகப் பிரித்தார்: மனசைத் திறந்து பேச ஒருவர் இல்லாதது ஒன்று, சேர்ந்து இருக்க ஒரு கூட்டம் இல்லாதது இன்னொன்று. உங்களுடையது எது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்று தெரியும். ஒருவர் இல்லாத குறையைக் கூட்டத்தால் நிரப்ப முடியாது.

ஆனால் தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டுவிட்டது, எதிலும் நாட்டமில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அதை நட்புப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ இந்த வாரமே போங்கள், உயிரைப் பற்றிய எண்ணம் வந்தால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

பல வருடமாகப் பேசாத ஒருவரின் பிறந்தநாள் என்று போன் காட்டுகிறது. என்ன எழுதுவது?

பொதுச் சுவரில் எழுதாதீர்கள், தனியாக எழுதுங்கள். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்கிற விளக்கத்தில் தொடங்கினால் அவரும் விளக்கம் சொல்ல வேண்டிவரும், அப்புறம் இரண்டு பேருக்கும் சங்கடம். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தை எடுங்கள். ஏழு மாதம் பேசாமல் இருந்த என் தோழிக்கு நான் கடைசியில் அனுப்பியது இதுதான்: "அப்பாவைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டேன். நாம் மழையில் மாட்டிக்கொண்ட அன்று குடையோடு வந்து நின்றாரே, அதுதான் ஞாபகம் வந்தது. அவர் எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? பதில் எப்போது வேண்டுமானாலும் போடு." மன்னிப்பு அப்புறம் நேரில் கேட்டேன். பதில் மூன்றாம் நாள் வந்தது, பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜாக. பின்னணியில் அவளுடைய அப்பா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.